முதலைத் தின்பதற்கும் வரியா?



நம் கடையில் ஒரு மூட்டை துவரம் பருப்பு விற்றால், வந்த பணம் முழுவதையும் லாபம் என்று நாம் சொல்வதில்லை. கொள்முதல் விலையைக் கழிக்கிறோம். வண்டி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, கடை வாடகை, ஆள் சம்பளம் எல்லாவற்றையும் கழிக்கிறோம். மிச்சம் இருந்தால் அதுதான் லாபம், அதற்குத்தான் வரி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டன்மார்களுக்கும் தெரிந்த கணக்கு இது. வருமான வரி அதிகாரியும் இதை மறுப்பதில்லை.

அதே பணத்தைப் போட்டு ஒருவர் கல் எடுக்கும் நிலமோ, செங்கல்லுக்கு மண் எடுக்கும் நிலமோ, மரம் நிற்கும் மலை நிலமோ வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லோடாக வெளியே போகப் போக அவர் போட்ட முதல் கரைந்துகொண்டே வருகிறது. கடைசியில் மிஞ்சுவது பள்ளம், அல்லது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. அவர் விற்றதும் சரக்குதான். ஆனால் அந்தச் சரக்கின் அடக்க விலையைக் கழிப்பதற்கு நம் நாட்டு வரிச் சட்டம் நேரான வழி எதையும் வைக்கவில்லை. இது நியாயமா என்பதுதான் நம் கேள்வி.

மளிகைக் கடைக்காரருக்கும் குவாரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. கடையில் சேர்த்த நாலு காசை வங்கியில் போடாமல் மலையில் ஒரு பட்டா நிலத்திலோ, அடிவாரத்தில் ஒரு கல் நிலத்திலோ போடுகிறவர்கள் நம்மிலேயே நிறையப் பேர். அப்படிப் போட்டவர்கள் கணக்கு எழுதும்போதுதான் இந்தச் சிக்கல் தெரியவரும்.

மலையில் கண்ணால் காணும் பாடம்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேற்கே போனால் தமிழ்நாட்டு எல்லையில் கிளாவரை இருக்கிறது. அதற்கப்பால் கேரளத்து வட்டவடைப் பக்கம். கிளாவரைப் பூண்டுக்கும், கிழங்குக்கும், கேரட்டுக்கும் காத்திருக்கும் மொத்த வியாபாரிகள் நாம். படிப்படியாக வெட்டிய மலைச்சரிவில் விளையும் பூண்டு, பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி, அங்கிருந்து நம் கடைகளுக்கு வருகிறது. கொடைக்கானல் மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

அந்த மலையில் பூண்டு வயலுக்குப் பக்கத்திலேயே யூகலிப்டஸ் மரமும் வாட்டில் மரமும் நிற்கும். ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்த மேல்மலையில், தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டிலும், கூழுக்கும் விறகுக்கும் யூகலிப்டஸும் நட்டார்கள். இன்று நட்ட மரமும் உண்டு. விதை விழுந்து தானாகப் பரவிய மரமும் உண்டு. பட்டா நிலத்தில் நின்றாலும், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. அனுமதி வாங்கி வெட்டினால் பணம் வரும்; நிலம் வெறுமையாகும். வந்த பணத்தில் எவ்வளவு வருமானம், எவ்வளவு நம் சொந்த முதல்?

"குந்தித் தின்றால் குன்றும் மாளும்" என்று நம் பெரியோர்கள் சொன்னது மலைக்காரர்களுக்காகவே சொன்னது போல இருக்கிறது. குன்று மாள்வதைக் கணக்கில் எழுதுவதற்கு ஆங்கிலத்தில் 'டிப்ளீஷன்' என்று பெயர். நாம் அதை 'இருப்புக் குறைவுக் கழிவு' என்று சொல்வோம்.

தேய்மானம் வேறு, இருப்புக் குறைவு வேறு

தேய்மானம் நமக்கெல்லாம் தெரியும். மின்தராசு, அரவை மெஷின், மேஜை, கம்ப்யூட்டர் ஆகியவை உழைத்து உழைத்துத் தேய்கின்றன. பொதுவான இயந்திரத்துக்கு 15 சதவீதம், மரச்சாமானுக்கு 10 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் என்று வரிச் சட்டம் கழிவு தருகிறது. 1961-ஆம் ஆண்டு சட்டத்தில் இது 32-ஆவது பிரிவு. (2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தின் அமல் தேதி 2026 ஏப்ரல் 1. இக்கட்டுரையில் நாம் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தினுடையவை.)

அந்தப் பட்டியலில் நிலம் இல்லை. நிலம் தேயாது என்பது சட்டத்தின் எண்ணம். கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, அது நிற்கும் மனைக்குக் கிடையாது என்று ஆல்ப்ஸ் தியேட்டர் வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடை கட்டிய மனைக்கு அது சரியே. ஐம்பது வருடம் வியாபாரம் செய்தாலும் மனை அப்படியே இருக்கும். ஆனால் கல் எடுக்கும் நிலம் அப்படி இருக்குமா? மெஷின் தேய்கிறது, குவாரி தீர்ந்தே போகிறது. தேய்வதற்குக் கழிவு கொடுத்துவிட்டுத் தீர்வதற்குக் கொடுக்க மாட்டோம் என்பது விந்தையான கணக்கு.

கணக்குப் போடுவது எப்படி?

அமெரிக்காவில் 1913-இல் வருமான வரி வந்தபோதே சுரங்கக்காரருக்கு இந்தக் கழிவு கொடுத்தார்கள். அங்கே இரண்டு முறைகள் உண்டு. ஒன்று அடக்க விலை முறை. அது நமக்கு எளிதில் புரியும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்குக் கல் நிலம் வாங்குகிறார். கல் தீர்ந்தபின் அந்த நிலம் 2 லட்சம் பெறும். ஆக, கல்லுக்காகக் கொடுத்தது 8 லட்சம். உள்ளே 4,000 டன் கல் இருப்பதாக மதிப்பு. 8 லட்சத்தை 4,000-ஆல் வகுத்தால் டன்னுக்கு 200 ரூபாய். இதுதான் கல்லின் அடக்க விலை.

முதல் வருடம் 1,000 டன் விற்கிறார். டன் 350 ரூபாய் வீதம் வரவு 3,50,000. கூலி, டீசல், அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் எல்லாம் 1,00,000. மீதி 2,50,000. இதில் 1,000 டன்னுக்கு 200 ரூபாய் வீதம் இருப்புக் குறைவு 2,00,000. உண்மையான லாபம் 50,000 ரூபாய்.

அடுத்த வருடம் அளந்து பார்க்கும்போது மிச்சம் 3,000 டன் இல்லை, 2,400 டன்தான் என்று தெரிகிறது. பழைய கணக்கைக் கிழிக்க வேண்டியதில்லை. கழித்தது போக மிச்சமுள்ள 6 லட்சத்தை 2,400-ஆல் வகுத்தால் டன்னுக்கு 250 ரூபாய். இனி அந்த வீதம். போட்ட 8 லட்சம் தீர்ந்ததும் கழிவும் நின்றுவிடும். மரத்துக்கும் இதே கணக்குத்தான். மரம் வளரும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை இருப்பைத் திருத்தி எழுத வேண்டும், அவ்வளவே.

இப்போது நம் நாட்டு நிலைமையைப் பாருங்கள். இந்த 2,00,000 ரூபாயைக் கழிக்க விடாவிட்டால் 2,50,000-க்கும் வரி. அந்த மனிதர் வேறு வருமானத்தால் 30 சதவீத வரம்பில் இருந்தால் செஸ் நீங்கலாக 75,000 ரூபாய் கட்ட வேண்டும். உண்மையான லாபமோ 50,000. மீதி 25,000 அவருடைய முதலிலிருந்து போகிறது. முதலுக்கே மோசம் என்பது இதுதான்.

நம் சட்டத்தில் யாருக்கு இடம்?

இந்த இருப்புக் குறைவு நம் சட்டத்துக்குத் தெரியாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். 42-ஆவது பிரிவில், மத்திய அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பெட்ரோலியமும் இயற்கை எரிவாயுவும் எடுப்பவர்களுக்கு, எண்ணெய் இருப்புக் குறைவதற்கான கழிவு பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. ஆக, எண்ணெய்க் கிணறு வற்றும் என்று சட்டத்துக்குத் தெரியும். கல் குவாரி தீரும், மண் குழி தீரும் என்பது மட்டும் தெரியாதாம்!

35-ஈ பிரிவு என்று ஒன்று உண்டு. ஏழாவது அட்டவணையில் சொன்ன கனிமங்களைத் தேடுவதற்கும் சுரங்கத்தை உருவாக்குவதற்கும் ஆன செலவைப் பத்து வருடத்தில் பத்துப் பங்காகக் கழிக்கலாம். ஆனால் நிலம் வாங்கிய விலையும் கனிம இருப்பை வாங்கிய விலையும் அதில் சேராது என்று அந்தப் பிரிவே ஒதுக்கிவிட்டது. தேடிய செலவு உண்டு. வாங்கிய செலவு இல்லை.

சட்டம் கைவிட்ட இடத்தில் நீதிமன்றத் தீர்ப்புகள்தான் வழி. மூன்று தீர்ப்புகளை நம் வணிகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

1949-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த மோகன்லால் ஹர்கோவிந்த் வழக்கு. ஜபல்பூர் பீடி உற்பத்தியாளர்கள் காட்டில் பீடி இலை பறிக்கக் குறுகிய கால ஒப்பந்தம் செய்து பணம் கட்டினார்கள். அது மூலப்பொருள் கொள்முதல். முழுவதும் கழிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிங்கிள் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. ஐதராபாத் பக்கம் சில கிராமங்களில் பல ஆண்டுகளுக்குக் கல் எடுக்கும் உரிமைக்காகப் பணம் கொடுத்தார்கள். இது சரக்குக் கொள்முதல் ஆகாது, நீண்ட கால உரிமைக்குக் கொடுத்த மூலதனம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. கழிவு இல்லை.

1960-களின் நடுவில் கோட்டன் லைம் சிண்டிகேட் வழக்கு. ராஜஸ்தானில் சுண்ணாம்புக்கல் எடுத்தவர்கள் கட்டிய ராயல்டி, எடுக்கும் கல்லோடு நேரே தொடர்புடையது; ஆகவே செலவாகக் கழிக்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது.

எடுத்தது மூவரும் இயற்கை கொடுத்த பொருளைத்தான். ஒப்பந்தம் எழுதிய விதத்தில் தலையெழுத்து மாறிவிட்டது. ஆகவே, எதை வாங்குகிறோம் என்பதைப் பேனாவை எடுக்குமுன் யோசிக்க வேண்டும். பல ஆண்டு உரிமைக்கு மொத்தமாக ஒரு தொகை பேசுவதைவிட, எடுக்கும் டன்னுக்கு இவ்வளவு என்று பேசுவது வரிக் கணக்கில் பாதுகாப்பானது. கையெழுத்துக்கு முன் ஆடிட்டரைக் கேளுங்கள். கையெழுத்துக்குப் பின் கேட்டால் அவர் அனுதாபம்தான் சொல்ல முடியும்.

மரம் வாங்குவோர் கவனத்துக்கு

மர விஷயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. நிலத்தை வாங்காமல், வெட்டி விற்பதற்காக நிற்கும் மரத்தை மட்டும் வாங்கும் வியாபாரிக்கு மரம் சரக்கு. கொள்முதலைக் கழிக்கலாம். அவருக்கு அது விவசாய வருமானம் ஆகாது.

நிலத்துக்காரருக்கு 1957-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்குத்தான் வழிகாட்டி. உழுது, விதைத்து, நட்டு நிலத்தில் பாடுபட்டிருந்தால் மர வருமானமும் விவசாய வருமானம். 10(1) பிரிவுப்படி வரி இல்லை. தானாக முளைத்த மரத்தை வெட்டி விற்றால் அது விவசாயம் ஆகாது, வரிக்கு உட்படும். கிளாவரையில் பக்கத்துப் பக்கத்து நிலத்தில் நிற்கும் ஒரே சாதி மரம், ஒன்று நட்டது, இன்னொன்று தானாகப் பரவியது என்றால், இரண்டுக்கும் இரண்டு சட்டம். நட்டதற்கு ஆதாரம் நாற்றுப் பில்லும், கூலிச் சிட்டையும், கிராமக் கணக்கில் அடங்கல் பதிவும்தான். இருபது வருடம் கழித்து வெட்டும் மரத்துக்கு நட்ட வருடத்துச் சிட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கேரளத்து மர வழக்குகளில் 1970-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாடு காட்டியது. வேரோடு பிடுங்கி விற்றால் அது முதலையே விற்றது; அடிக்கட்டையை விட்டு வெட்டினால், அது மறுபடி துளிர்க்கும் என்பதால், வருமானம். யூகலிப்டஸ் வெட்டினால் துளிர்க்கும் சாதி என்பதை மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேர் போனால் முதல் போயிற்று என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டபின், வேரே இல்லாத கல்லுக்கும் மண்ணுக்கும் அந்த நியாயத்தை ஏன் நீட்டக் கூடாது?

மறுப்பவர்களுக்கு நம் பதில்

நிலம் வெறுமையான பின் குறைந்த விலைக்கு விற்கும்போது நட்டம் காட்டிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த மூலதன நட்டத்தைக் கடை லாபத்தில் கழிக்க முடியாது. மூலதன லாபம் வந்தால்தான் அதில் கழிக்கலாம். எட்டு வருடத்துக்குள் வராவிட்டால் அதுவும் போயிற்று. கிராமப்புற விவசாய நிலமாக இருந்தால் அது மூலதனச் சொத்தாகவே கருதப்படாது. லாபத்துக்கு வரியும் இல்லை, நட்டத்துக்குக் கழிவும் இல்லை. வருடா வருடம் வரி கட்டியவருக்குக் கடைசியில் கையில் ஒன்றும் இராது.

கழிவு கொடுத்தால் துஷ்பிரயோகம் வரும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். இது அலட்சியப்படுத்தக் கூடிய வாதம் அல்ல. அமெரிக்காவின் இரண்டாவது முறையே அதற்குச் சாட்சி. அடக்க விலையைப் பார்க்காமல், விற்பனையில் இத்தனை சதவீதம் என்று கழிக்கும் முறை அது. 1926-இல் எண்ணெய்க்கு 27.5 சதவீதம் கொடுத்தார்கள். போட்ட முதல் முழுவதும் திரும்பிய பிறகும் கழிவு நிற்கவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் கொழுத்தன. 1969-இல் அதை 22 சதவீதமாகக் குறைத்தார்கள். 1975-இல் பெரிய கம்பெனிகளுக்கு நிறுத்தினார்கள். சிறிய உற்பத்தியாளருக்கு 15 சதவீதம் இன்றும் உண்டு. சாதாரண மணலுக்கும் சரளைக்கும் 5 சதவீதம். மரத்துக்கு மட்டும் தொடக்கத்திலிருந்து அடக்க விலை முறைதான்.

நாம் சதவீதத்தைக் கேட்கவில்லை. போட்ட முதலுக்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். போட்டதை, எடுத்த அளவுக்கு, எடைச்சீட்டைக் காட்டிக் கழிக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். இதனால் அரசுக்கும் லாபம் உண்டு. டன் கணக்கு எழுதினால்தான் கழிவு என்றால் கல்லும் மண்ணும் கணக்கில் வராமல் போவது குறையும். சீனியரேஜ் ஒழுங்காக வரும்.

டெக்சாஸ் மாநிலத்தின் மேட்டுநிலத்தில், மழையால் மறுபடி ஊறாத நிலத்தடி நீரை இறைத்துப் பயிர் செய்யும் விவசாயிகள், நீர் இறங்க இறங்கத் தங்கள் நிலத்தின் விலை குறைகிறது என்று வழக்காடி, 1965-இல் ஷர்பெட் வழக்கில் வென்றார்கள். அங்கே தண்ணீர் குறைவதற்கே வரிக் கழிவு. நம் விவசாயிக்கு வருமான வரியே இல்லை. ஆகவே கழிவும் தேவையில்லை. ஆனால் கழிவு இல்லை என்பதால் குறைவு இல்லை என்று ஆகாது. மழைக்குச் சரிவு மண் கரைவதும், ஊற்று இறங்குவதும் கிளாவரை விவசாயியின் முதல் குறைவதுதான். பூண்டு விலை பேசும்போது கொள்முதல் செய்யும் நாம் இதையும் மனத்தில் வைத்துப் பேச வேண்டும். அவர் முதல் தீர்ந்தால் நமக்குச் சரக்கு ஏது?

இன்றைக்கு நாம் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திராமல் சிலவற்றை இப்போதே செய்யலாம்.

முதலாவது, நிலம் வாங்கும்போது நிலத்தின் விலை, மரத்தின் விலை, கட்டட விலை என்று தனித்தனியாக மதிப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மொத்தத் தொகையாக விட்டால் பின்னால் பிரிப்பது கஷ்டம்.

இரண்டாவது, ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டு, விற்பனைச் சீட்டு, அனுமதி நகல் மூன்றையும் ஒன்றாகக் கோத்து வையுங்கள். அளவு தெரியாத இருப்புக்கு அடக்க விலை போட முடியாது.

மூன்றாவது, விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று அதைக் கணக்கில் காட்டாமல் விடாதீர்கள். மற்ற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால், வரி வீதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள்.

நான்காவது, 44-ஏ.டி. பிரிவில் ரிட்டர்ன் போடும் சிறு கடைக்காரர்களுக்கு. விற்பனை 2 கோடிக்குள் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேற்படாவிட்டால் 3 கோடிக்குள்) இருந்தால் ரொக்கத்துக்கு 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். அப்படிக் காட்டினால் தேய்மானம் உட்பட எல்லாக் கழிவும் கொடுத்ததாகவே பொருள். தனியே கேட்க முடியாது. மெஷினின் மதிப்பும் வருடா வருடம் குறைந்ததாகவே எழுதப்படும். கமிஷன் வியாபாரத்துக்கு இந்த வசதியே இல்லை என்பதை மண்டிக்காரர்கள் மறக்க வேண்டாம்.

ஐந்தாவது, வரிக் கணக்கில் இடம் இல்லாவிட்டாலும் நம் சொந்தப் பேரேட்டில் இருப்புக் குறைவை எழுதுங்கள். மேலே சொன்ன கல் நிலத்துக்காரர் தன் லாபம் 2,50,000 என்று நம்பி மகள் கல்யாணத்துக்கும் மாடி கட்டவும் செலவழித்தால், நாலு வருடத்தில் குழியும் கடனும்தான் மிஞ்சும். வருடம் 2,00,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தவருக்குக் கல் தீரும்போது முதல் கையில் இருக்கும். சட்டம் கொடுக்காத கழிவை நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

நம் சங்கங்கள் பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சகத்துக்குக் கோரிக்கை மனு அனுப்புவது வழக்கம். அந்த மனுவில் இந்த ஒரு வரியையும் சேர்க்க வேண்டும்: எண்ணெய்க்குக் கொடுத்த இருப்புக் குறைவுக் கழிவை, அடக்க விலை அளவில் மட்டும், கல்லுக்கும் மண்ணுக்கும் விலைக்கு வாங்கிய மரத்துக்கும் கொடுங்கள். லாபத்துக்கு வரி கட்ட நாம் என்றும் மறுத்ததில்லை. முதலுக்கு வரி கேட்காதீர்கள் என்கிறோம். வணிகர்கள் ஒன்றுபட்டு இதைக் கேட்போம்.